ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்: 'மின்மீட்பு' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்பேருந்து தொடர்பான ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பெயர் தேடி வருகிறோம். அவற்றில் ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்குக்கு, அதாவது வேகத்தைக் குறைக்கும்போது வண்டியின் ஓட்ட ஆற்றலை வீணாக்காமல் மின்சாரமாகத் திரும்பப் பிடிக்கும் முறைக்கு, இதுவரை வந்த பெயர்கள் மூன்று: மீளுருவாக்க நிறுத்தம், மீளாக்கத் தடை, மறுபிறப்புத் தடுப்பு. மூன்றிலும் எனக்கு மனக்குறை உண்டு.

பேருந்தைப் பற்றிப் பேசும்போது 'நிறுத்தம்' ஓர் இடத்தின் பெயர். "மீளுருவாக்க நிறுத்தத்தில் மின்சாரம் சேமிக்கப்படுகிறது" என்று எழுதினால், அடுத்த ஸ்டாப்பில் ஏதோ கருவி இருக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'தடை'யில் சிக்கல் இன்னும் பெரிது. மின்னியலில் அது ரெசிஸ்டன்ஸ். டிராம்களிலும் மின்ரயில்களிலும் மோட்டார் தரும் மின்சாரத்தைத் தடைச்சுருளுக்குள் விட்டு, வெப்பமாக்கி, வேகத்தைக் குறைக்கும் முறை ஒன்று உண்டு. அதுதான் ரியோஸ்டாட்டிக் பிரேக்கிங். 'மின்தடை பிரேக்' என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். அங்கே வீணாகும் மின்சாரத்தைத்தான் இங்கே திரும்பப் பிடிக்கிறோம்.

மின்பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் இது புரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார், பிரேக் மிதியைத் தொடவே இல்லை. நம் உடம்பு லேசாக முன்னால் சாய்கிறது. டாஷ்போர்டில் மின்சார ஓட்டத்தைக் காட்டும் முள் பூஜ்யத்தைத் தாண்டி மறுபக்கம் போகிறது. சக்கரம் இப்போது மோட்டாரைச் சுற்றுகிறது, மோட்டார் ஜெனரேட்டராகி பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புகிறது.

எவ்வளவு கிடைக்கும்? 15 டன் பேருந்து மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் 7,50,000 ஜூல், அதாவது சுமார் 0.2 யூனிட். மோட்டாரிலும் பேட்டரியிலும் கொஞ்சம் இழப்பு இருப்பதால் முழுவதும் திரும்பாது. ஆனால் நகரப் பேருந்து ஒரு நாளில் எத்தனை முறை நின்று கிளம்புகிறது! நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டிக்கு இந்தப் பலன் குறைவு. பிரேக் ஷூ தேய்வதும், அதிலிருந்து தெருவில் பறக்கும் தூளும்கூடக் குறைகின்றன. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

அப்புறம் 'மறுபிறப்பு', 'மீளுருவாக்கம்'. இரண்டும் ஆங்கிலச் சொல்லின் நிழல்கள். இங்கே புதிதாக எதுவும் பிறப்பதில்லை. கைவிட்டுப் போகவிருந்ததை மீட்கிறோம். ஜெர்மானியர் இதை 'நுட்ஸ்பிரெம்ஸ' என்கிறார்கள், பயன்தரும் பிரேக் என்று பொருள். அவர்கள் ஆங்கிலத்தைப் பார்த்துச் சொல் செய்யவில்லை.

என் முன்மொழிவு: மின்மீட்புத் தடுப்பு. சுருக்கமாக மின்மீட்பு. வெறும் 'மீட்பு' என்றால் பழுதான வண்டியை இழுத்து வருவதாகிவிடும், அதனால் 'மின்' வேண்டும். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

"பேட்டரி நிரம்பியிருந்தால் மின்மீட்பு குறையும், அப்போது காற்று பிரேக்கைத்தான் நம்ப வேண்டும்."

"இறக்கத்தில் மின்மீட்பை அதிகமாக வை."

இரண்டாவது வாக்கியத்தை ஓர் ஓட்டுநர் அப்படியே சொல்லலாம் என்று தோன்றுகிறது. கையேட்டில் 'மின்மீட்பு பிரேக்' என்று போட்டாலும் எனக்குச் சம்மதமே. பிரேக் எல்லோர் வாயிலும் இருக்கும் சொல்.

ஓர் எதிர்ப்பு வரலாம். 1950களில் சுவிட்சர்லாந்தில் ஓடிய கைரோ பேருந்து ஆற்றலைப் பேட்டரியில் வைக்காமல் சுழலும் கனத்த சக்கரத்தில் சேமித்தது. ஹைட்ராலிக் முறையில் அழுத்தமாகச் சேமிக்கும் வண்டிகளும் உண்டு. சரி, பொதுவாகச் சொல்ல 'ஆற்றல்மீட்பு' இருக்கட்டும், மின்வண்டிக்கு மின்மீட்பு.

பணிமனையில் வேலை செய்பவர்கள் இதற்கு ஏற்கெனவே ஏதாவது பெயர் வைத்துப் புழங்கினால் எழுதுங்கள். அது வாயில் எளிதாக வருமானால் என் சொல்லை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.