ஜான் நன்: கணிதம் அவருடைய சதுரங்கத்துக்குத் துணையா, தடையா?

கேள்வி: அரும்பு

வணக்கம். நான் முதுகலைக் கணித மாணவி. வார இறுதியில் மட்டும் சதுரங்கம் ஆடுகிறேன், அதுவும் சுமாராகத்தான். மாக்னஸ் கார்ல்சன் 2010இல், தரவரிசையில் முதலிடத்துக்கு வந்த புதிதில், ஜெர்மானிய வார இதழ் ஒன்றுக்கு அளித்த நேர்காணலைப் பழைய கோப்புகளில் படித்தேன். இங்கிலாந்தின் ஜான் நன் உலகச் சாம்பியன் ஆகாமற்போனதற்கு அவருடைய அளவுமீறிய அறிவே ஒரு காரணம் என்று அதில் அவர் சொல்கிறார். பதினைந்து வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படிக்கத் தொடங்கி, இருபத்து மூன்று வயதில் இயற்கணித இடவியலில் (வடிவங்களை இயற்கணிதத்தால் ஆராயும் துறை) முனைவர் பட்டம் பெற்ற ஒருவருடைய தலைக்குள் இருந்த மற்ற விஷயங்களும் ஓயாத அறிவுத்தாகமும் அவரைச் சதுரங்கத்திலிருந்து திசைதிருப்பிவிட்டன என்பது கார்ல்சனின் கருத்து.

எங்கள் வீட்டில் நிலைமை இதற்கு நேர்மாறு. எனக்குக் கணக்கு வரும், ஆகவே செஸ்ஸும் தானாக வரும் என்று என் தாய்மாமா இன்றுவரை நம்புகிறார். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அவருக்கு நான் விளக்கம் சொல்லவேண்டியிருக்கிறது. ஆகவே எனக்கு இரண்டு கேள்விகள். கார்ல்சன் சொன்னது நன்னுடைய வாழ்க்கைக்குப் பொருந்துகிறதா? நன்னின் பணியில் எந்த இடத்தைத் தொட்டு, 'இங்கே கணிதம் இருக்கிறது' என்று காட்ட முடியும்? 'தர்க்க அறிவு வளரும்' என்பது போன்ற பொத்தாம்பொதுவான பதில்கள் வேண்டாம், தயவுசெய்து.

பதில் 1: கறுப்புக்குதிரை

கார்ல்சன் சொன்னதில் பாராட்டு இருக்கிறது, ஆனால் காரணம் பிழை என்று நினைக்கிறேன். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

நன் 1955 ஏப்ரல் 25 அன்று லண்டனில் பிறந்தார். 1970இல் ஓரியல் கல்லூரியில் சேர்ந்தபோது, பதினைந்தாம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த கார்டினல் வுல்சிக்குப் பிறகு அங்கே வந்த மிக இளைய மாணவர் இவர்தான் என்று பேசப்பட்டது. 1973இல் இளங்கலை முடித்தார். அதன் பிறகு ஆராய்ச்சியும் சதுரங்கமும் ஒன்றாகவே நடந்தன. ஐரோப்பிய ஜூனியர் பட்டமும் சர்வதேச மாஸ்டர் பட்டமும் அந்த ஆராய்ச்சி ஆண்டுகளில் வந்தவை. முனைவர் பட்டமும் கிராண்ட்மாஸ்டர் பட்டமும் 1978 என்ற ஒரே ஆண்டில் அவருக்குக் கிடைத்தன. அதன் பின்னும் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து, 1981இல்தான், இருபத்தாறாம் வயதில், வேலையை விட்டு முழுநேர ஆட்டக்காரரானார்.

இதைக் கார்ல்சனோடு ஒப்பிடுங்கள். அவர் பதின்மூன்று வயதில் கிராண்ட்மாஸ்டர், பத்தொன்பதில் உலக முதல்வர். ஒரு சதுரங்க ஆட்டக்காரர் மிக வேகமாக வளரும் பதினைந்து முதல் இருபத்தாறு வரையான பருவத்தில், நன் தன் நாளின் பெரும்பகுதியை வேறொரு துறைக்குக் கொடுத்திருந்தார். அறிவு கூடிப்போனதைவிட நேரம் குறைந்துபோனதுதான் அங்கே உண்மையான காரணம் என்பது என் கட்சி. முழுநேரத்துக்கு வந்தபின் என்ன நடந்தது என்று பாருங்கள்: 1982இல் நெதர்லாந்தின் விக் ஆன் ஸீ போட்டியில் சோவியத் ஆட்டக்காரர் பலாஷோவுடன் முதலிடத்தைப் பகிர்ந்தார், அதே போட்டியை 1990இலும் 1991இலும் தனியாக வென்றார். (நம் ஆனந்த் ஐந்து முறை முதலிடம் பெற்ற இடமாகப் பலருக்கு அது பழக்கமான பெயர்.) 1985இல் உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவர். 1988–89 உலகக் கோப்பைத் தொடரில் ஆறாம் இடம்.

1984இல் கிரீஸின் தெசலோனிகியில் நடந்த செஸ் ஒலிம்பியாடைத் தனியாகச் சொல்லவேண்டும். இரண்டாம் பலகையில் ஆடி 11 ஆட்டங்களில் 10 புள்ளி எடுத்தார். மற்றவர்கள் படுத்துத் தூங்கும் ஓய்வு நாளில் நடந்த புதிர் தீர்க்கும் போட்டியிலும் அவருக்கே முதலிடம். இங்கிலாந்து அணிக்கு அந்த ஆண்டும், 1986இலும், 1988இலும் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

வேலையை விடும் துணிவு எப்படி வந்தது என்பதற்குக் காலச்சூழலும் ஒரு பதில். 1972இல் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் ஆடிய போட்டிக்குப் பிறகு பிரிட்டனில் செஸ் மோகம் பற்றிக்கொண்டது. பிரிட்டனின் முதல் கிராண்ட்மாஸ்டருக்கு 5,000 பவுண்டு தருவதாக ஜிம் ஸ்லேட்டர் என்ற நிதியாளர் அறிவித்தார். 1976இல் டோனி மைல்ஸ் அதைப் பெற்றார். பத்து ஆண்டுகளுக்கு முன்பு இதே முடிவை எடுத்திருந்தால் நன்னைப் பைத்தியக்காரர் என்றிருப்பார்கள்.

பதில் 2: கோளமும் வட்டமும்

முந்தைய பதிலில் வாழ்க்கை வந்துவிட்டது, நான் இரண்டாம் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

நன்னின் ஆய்வு 'எச்-வெளிகள்' எனப்படும் அமைப்புகளைப் பற்றியது. அரும்புக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காக ஒரு வரி: ஒரு வடிவத்தின் மேல் உள்ள எந்த இரண்டு புள்ளிகளையும் 'பெருக்கி' அதே வடிவத்தில் மூன்றாவது புள்ளியைத் தொடர்ச்சியான முறையில் பெற முடிந்து, அந்தப் பெருக்கலுக்கு எண்களில் 1 இருப்பதுபோல ஓர் அலகுப் புள்ளியும் இருந்தால், அந்த வடிவம் ஓர் எச்-வெளி. வட்டத்தில் இது எளிது, கோணங்களைக் கூட்டினால் போதும். பந்தின் மேற்பரப்பில் இது முடியவே முடியாது. கோளங்களில் 0, 1, 3, 7 ஆகிய பரிமாணங்களில் மட்டுமே முடியும் என்று 1960இல் ஃபிராங்க் ஆடம்ஸ் நிறுவினார். இதில் எதுவும் குதிரை எங்கே தாவும் என்பதைச் சொல்லித்தராது. பாடப்பொருள் நேராகப் பலகைக்கு வரவில்லை, தாய்மாமாவிடம் தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்ட முடியும்: ஆச்சரியக்குறி.

சதுரங்க நூல்களில் ஒரு நகர்த்தலுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி போடுவது, கச்சேரியில் 'பலே' சொல்வதைப் போன்றது. உரையாசிரியருக்குப் பிடித்திருந்தால் போடுவார். நன் 1992இல் யானை முடிவாட்டங்களை (யானைகளும் சில காய்களும் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டம்) பற்றி எழுதிய நூலில் அதற்கு வரையறை கொடுத்தார். ஆட்டத்தின் முடிவை, அதாவது வெற்றியையோ சமநிலையையோ, கைவிடாமல் காக்கும் நகர்த்தல் ஒன்றே ஒன்றுதான் என்றால் அதற்கு மட்டும் ஆச்சரியக்குறி. அந்த ஒன்றும் கண்டுபிடிக்க மிகக் கடினமானது என்றால் இரண்டு. முடிவைக் கெடுக்கும் நகர்த்தலுக்குக் கேள்விக்குறி. ரசனையாக இருந்த ஒரு குறி, சரியா தவறா என்று சோதிக்கக்கூடிய கூற்றாகிவிட்டது. எனக்கு அதில் தெரிவது கணித ஆசிரியரின் கை.

இது சாத்தியமானதற்குக் காரணம், பெல் ஆய்வகத்தின் கென் தாம்சன் (யூனிக்ஸை உருவாக்கிய இருவரில் ஒருவர்) 1980களில் ஐந்து காய்கள் மட்டும் மிஞ்சிய நிலைகளைக் கணினியால் முழுவதுமாகக் கணக்கிட்டு வைத்திருந்ததுதான். அதன் விளைவுகள் பழைய பாடங்களைக் கவிழ்த்தன. ஒரு குதிரைக்கு எதிராக இரண்டு பிஷப்புகள் இருந்தால், குதிரைக்காரர் எதிரி உடைக்க முடியாத காவல் நிலையை அமைத்துக்கொண்டு சமன் செய்துவிடலாம் என்று 1851இல் கிளிங்கும் ஹார்விட்ஸும் வெளியிட்ட நிலையை வைத்து நூறாண்டுக்கும் மேலாகச் சொல்லிவந்தார்கள். பொதுவாக அது வெற்றி, ஆனால் 66 நகர்த்தல்கள் வரை ஆகலாம் என்றது கணினி. கணினி விடையைத்தான் தந்தது, ஏன் என்று சொல்லவில்லை. அந்த எண் மலையில் உட்கார்ந்து, மனிதன் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய விதிகளைப் பிரித்தெடுத்து, மூன்று பெரிய நூல்களாக எழுதியவர் நன்.

பதில் 3: பழைய பலகை

கறுப்புக்குதிரையின் 'நேரம்தான் காரணம்' என்ற வாதத்தை நான் முழுவதும் ஏற்கவில்லை. அப்படியென்றால் இமானுவேல் லாஸ்கர் எப்படி?

லாஸ்கர் 1894 முதல் 1921 வரை, இருபத்தேழு ஆண்டுகள், உலகச் சாம்பியன். அதே காலத்தில் எர்லாங்கனில் முனைவர் பட்டம் பெற்றார். 1905இல், எண்களைப் பகா எண்களாகப் பிரிப்பதுபோல, பல்லுறுப்புக்கோவை வளையங்களில் ஒவ்வொரு சீர்மத்தையும் (ஐடியல்) முதன்மைக் கூறுகளாகப் பிரிக்கலாம் என்று நிறுவினார். 1921இல் எம்மி நோதர் அதை விரிவாக்கியபின் இன்று அது லாஸ்கர்–நோதர் தேற்றம் என்றே பாடநூல்களில் இருக்கிறது. மாக்ஸ் ஆய்வெ 1926இல் ஆம்ஸ்டர்டாமில் முனைவர் பட்டம் பெற்று, பெண்கள் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்துகொண்டே 1935இல் அப்போதைய சாம்பியன் அலெகினை வென்று சாம்பியனானார். இந்த இருவரையும் கணிதம் தடுக்கவில்லை. நன்னைத் தடுத்தது கணிதமல்ல, உலகச் சாம்பியன்களான காஸ்பரோவும் கார்ப்போவும் என்று நேராகச் சொல்லிவிடலாமே! அந்தத் தலைமுறையில் அவர்கள் இருவரையும் தாண்டி வந்தவர் யார்?

ஆய்வெயைப் பற்றி இன்னொன்று, இது கேள்விக்கு நேர் பதிலாகவே இருக்கும். ஒரே நகர்த்தல் தொடர் அடுத்தடுத்து மூன்று முறை வந்தால் ஆட்டம் சமன் என்று அந்நாளில் ஒரு விதி முன்வைக்கப்பட்டிருந்தது. அந்த விதி ஆட்டத்தை முடித்துவைக்கப் போதாது என்று 1929இல் ஒரு கட்டுரையில் ஆய்வெ காட்டினார். 0 1 1 0 1 0 0 1 என்று நீளும் ஒரு தொடரில் எந்தத் துண்டும் அடுத்தடுத்து மூன்று முறை வருவதில்லை. 0 வரும்போது குதிரையை ஒரு விதமாகவும் 1 வரும்போது வேறு விதமாகவும் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தால் ஆட்டம் முடிவே இல்லாமல் போகும். சதுரங்கத்துக்குள் வந்த கலப்படமில்லாத கணிதம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

அரும்பு உண்மையில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியவர் ஜோனதன் மெஸ்டல். 1984இல் நன்னோடு ஒரே அணியில் இருந்தவர், மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன், கிராண்ட்மாஸ்டர். அவர் கணிதத்தை விடவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பாய்ம இயக்கவியலில் பேராசிரியரானார். பலகை ஆட்டத்திலும் புதிர் தீர்ப்பதிலும் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் மனிதரும் அவரே. ஒருவர் பல்கலைக்கழகத்தை விட்டார், மற்றவர் போட்டி வாழ்க்கையைக் குறைத்துக்கொண்டார். மெஸ்டலைப் பார்த்து 'அறிவு அதிகமாகிப்போனதால் தோற்றார்' என்று யாரும் சொல்வதில்லை.

அரும்பு

மூவருக்கும் நன்றி. ஆச்சரியக்குறிச் செய்தி எனக்குப் புதிது; இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது எழுத்தாளர் நன். ஆட்டக்காரர் நன்னின் கையில் ஏதாவது காட்டுவீர்களா? ஒரே ஒரு நகர்த்தல் போதும்.

பதில் 4: கறுப்புக்குதிரை

பழைய பலகை ஐயாவின் லாஸ்கர் எடுத்துக்காட்டு வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் லாஸ்கரின் காலத்தில் தொடக்க ஆட்டங்களை இவ்வளவு உருப்போட வேண்டியிருக்கவில்லை, சாம்பியன் ஆண்டுக்கணக்கில் ஆடாமலும் இருக்கலாம். 1980களில் அது நடக்காது.

அரும்பு கேட்ட ஒரு நகர்த்தலுக்கு விக் ஆன் ஸீ, 1985, சோவியத் கிராண்ட்மாஸ்டர் பெலியாவ்ஸ்கிக்கு எதிரான ஆட்டத்தைப் பலகையில் வையுங்கள். நன் கறுப்பு, தொடக்க ஆட்டம் கிங்ஸ் இந்தியன். பன்னிரண்டாம் நகர்த்தலில் வெள்ளைச் சிப்பாய் ஜி4க்கு வந்து கறுப்பின் யானையையும் குதிரையையும் ஒருசேரத் தாக்குகிறது. நன் இரண்டில் எதையும் காப்பாற்றாமல், யானையால் எஃப்3 சிப்பாயை வெட்டுகிறார். அந்த யானையை வெள்ளைக் குதிரை வெட்டினால், இ5இல் நிற்கும் கறுப்புக் குதிரை எஃப்3இல் வந்து ராஜாவுக்கு செக் வைத்து, டி2இல் இருக்கும் ராணியைத் தூக்கிவிடும். ஆகவே பெலியாவ்ஸ்கி ஜி4 சிப்பாயால், அது தாக்கிக்கொண்டிருந்த மற்றக் குதிரையை வெட்டுகிறார்.

ஒரு குதிரை போய்விட்டது. இனி செக் மேல் செக்காக வைத்துத் துரத்துவார் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில், பதின்மூன்றாம் நகர்த்தலாக நன் தன் ராணியை டி8இலிருந்து எஃப்8க்கு நகர்த்துகிறார். கடைசி வரிசையிலேயே, பக்கவாட்டில், இரண்டு கட்டம். செக் இல்லை, வெட்டு இல்லை. யானைக்குப் பின்னால் ராணி வந்து நின்றதோடு, பிஷப் எச்6க்குப் போகவும், ராணியே எஃப்4இல் இறங்கவும் வழி கிடைத்தது. இருபத்தேழாம் நகர்த்தலோடு பெலியாவ்ஸ்கி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். இதைக் கணிதம் என்று நான் சொல்லமாட்டேன். 1998இல் எழுதிய நூலில், தேவையில்லாத இடத்தில் தந்திரக் கணக்குப் போட்டு நேரத்தைத் தொலைக்காதே என்று கண்டிப்பாக எழுதியவரும் இதே நன்தான். எல்லாவற்றையும் கணக்கிட்டு அங்கே ராணியை வைத்தார் என்று நான் நம்பவில்லை.

அவருடைய கதை அங்கே முடியவும் இல்லை. 2004, 2007, 2010 ஆகிய ஆண்டுகளில் புதிர் தீர்ப்பதில் உலகச் சாம்பியன். 2022இலும் 2023இலும் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கான உலகச் சாம்பியன். அறிவு அதிகமானதால் கெட்டுப்போனவரின் பட்டியலாக எனக்கு இது தெரியவில்லை.

அரும்பு

பலகையில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன நகர்த்தலுக்கு முன்பே நிறுத்தி, தாளால் திரையை மறைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் யோசித்தேன். என் தாளில் பதினோரு கிளைகள் இருக்கின்றன, அத்தனையும் செக்கில் தொடங்குபவை அல்லது எதையாவது வெட்டுபவை. எஃப்8 அதில் இல்லை. தாய்மாமா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ராணியை ஏன் மூலையிலேயே வைத்திருக்கிறாய், வெளியே எடு என்றார்.