சாந்தோபிம்ப்லா குளவி: புள்ளிய மட்டும் வச்சு எந்த இனமெண்டு சொல்லலாமா?

மஞ்சள்சாடி_வெள்ளவத்தை:
வணக்கம். பல்கனியில சாடிக்க மஞ்சள் வச்சிருக்கிறம், அதில ஒரு இலை சுருண்டு உள்ளுக்க கூட்டுப்புழு ஒண்டு இருந்தது, வண்ணத்துப்பூச்சி வரும் பாப்பம் எண்டு மகள் அதை இலையோடயே ஜாம் போத்தலுக்க போட்டு வாய்க்கு மெல்லிய துணி கட்டி வச்சவ. வந்தது பளீரெண்ட மஞ்சள் குளவி. உடம்பு முழுக்க கறுப்புப் புள்ளி சோடி சோடியா, பின்னுக்கு ஊசி மாதிரி கறுப்பு வால், கூட்டுப்புழுவின்ர தலைப்பக்கம் கடிச்சு வெட்டின மாதிரி ஓட்டை. தேடிப் பாத்தா சாந்தோபிம்ப்லா எண்டு வருது, ஆனா அதுக்குள்ள எக்கச்சக்க இனம், எல்லாப் படமும் ஒரே மாதிரிக் கிடக்கு. இதில புள்ளி இடுப்புக்கு முன்னாலயே ஒரு சோடி, பிறகு வயித்தில சில வளையத்தில இருக்கு சிலதில இல்ல. இது அதில பன்க்டாட்டா எண்ட இனமா பெடேட்டர் எண்ட இனமா, எதை வச்சுப் பிரிக்கிறது? மேலால எடுத்த படம் போட்டிருக்கன். குளவி இன்னும் உயிரோட போத்தலுக்கதான் இருக்கு.

தெஹிவளை_பூச்சிப்படம்:
அக்கா ஜீனஸ், அதான் பேரினம், சாந்தோபிம்ப்லா எண்டது சரி. மஞ்சள் கறுப்புக் குளவி எல்லாத்தையும் இதெண்டு போடுற ஆக்கள் இருக்கினம், அதனால சொல்றன், எக்த்ரோமார்ஃபா எண்டு ஒண்டும் இஞ்ச இருக்கு, அதின்ர முன்சிறகு நுனியில கறுத்த திட்டு வரும், உங்கட படத்தில சிறகு நுனி தெளிவா இருக்கு.

புள்ளி எண்ணேக்க ஒண்டைக் கவனிக்கோணும். இடுப்புக்கு முன்னால இருக்கிற சோடி வயித்துக் கணக்கில சேராது. அந்தத் துண்டு நெஞ்சோட ஒட்டின புரோபோடியம், அதை விட்டுட்டு இடுப்புக்குப் பின்னால வாற முதல் வளையத்தைத்தான் ஒண்டெண்டு எண்ணோணும். அப்பிடிப் பாத்தா உங்கட படத்தில 1, 3, 5, 7 வளையங்களில புள்ளி. பன்க்டாட்டா பெண் இப்பிடித்தான் இருக்கும், ஆண்ல கூடுதலா ஒரு சோடி வாறதுமுண்டு. ஆனா புள்ளிய மட்டும் நம்பி பேர் வைக்காதீங்கோ. ஒரே இனத்திலயே புள்ளி பெருக்கும், சிறுக்கும், சிலதில சாடையா மங்கிப் போயிடும். இந்த ஜீனஸில இருநூறுக்கு மேல இனம் இருக்கு, அவ்வளவையும் நிறத்தால பிரிக்க ஏலாது.

பக்கவாட்டில ஒரு படம் எடுங்கோ. அந்தக் கறுப்பு வால்தான் முட்டையிடுற ஊசியின்ர உறை. வயித்து நுனிக்கு வெளிய நீட்டுற நீளத்தை பின்காலின்ர முழங்காலுக்குக் கீழ இருக்கிற நீளத் துண்டோட, அதான் டிபியாவோட, ஒப்பிட்டுப் பாருங்கோ. பெடேட்டரில உறை கட்டை, டிபியாவை விடக் குறைவு. பன்க்டாட்டாவில டிபியாவை விட நல்லா நீளம். ரெண்டும் ஒரே மட்டத்தில ஃபோகஸ் ஆகோணும், சரிஞ்சிருந்தா அளவு பிழைச்சிடும். பிரிட்ஜில கொஞ்ச நேரம் வச்சு எடுத்தா அசையாம இருக்கும். கையால பிடிக்காதீங்கோ, பெண் ஊசியால குத்தும்.

மாளிகாவத்தை_நானா:
தம்பி சொன்னது சரி, நான் இன்னொண்டு சேக்கிறன் தங்கச்சி. அந்த இலைச் சுருள்ல இருந்தது என்ன புழு எண்டு தெரியுமா? இந்த ஜீனஸ் கூட்டுப்புழுவுக்குள்ளதான் வளரும், ஒரு கூட்டுப்புழுவுக்கு ஒரு குளவி, அதனால அந்த வெத்துக்கூட்டை எறிஞ்சிடாதீங்க, குளவிப் படத்தோட சோடியா வச்சாத்தான் பதிவுக்குப் பெறுமதி. இதே ஜீனஸில ஸ்டெம்மேட்டர் எண்ட இனம், தண்டைத் துளைக்கிற புழுவின்ட, அதான் துளைப்பானின்ட, தண்டுக்குள்ள இருக்கிற கூட்டுப்புழுவ தண்டுக்கு வெளியில இருந்தே ஊசியால துளைச்சுக் குத்தும். அதை 1939ல நம்மட நாட்டுல இருந்து மொரீசியஸுக்குக் கொண்டு போய் கரும்புத் துளைப்பானுக்கு எதிரா விட்டாங்க. பேரைப் பிழையா வச்சு வேற இனத்தை அனுப்பியிருந்தா அந்த வேலையே வீணாப் போயிருக்கும், இனம் சரியாச் சொல்றது அவ்வளவு முக்கியம்.

மஞ்சள்சாடி_வெள்ளவத்தை:
பக்கவாட்டுப் படம் போட்டிருக்கன். உறை டிபியாவை விட நீளம்தான், கிட்டத்தட்ட ஒண்டேமுக்கால் மடங்கு வருது. அப்ப பெடேட்டர் இல்லத்தானே? இதை பன்க்டாட்டா எண்டே எழுதிப் போடட்டோ? இந்தக் குளவிய வெளிநாட்டில ஒருத்தருக்கு தபால்ல அனுப்பச் சொல்லியும் ஒருத்தர் சொன்னார்.

தெஹிவளை_பூச்சிப்படம்:
பெடேட்டர் இல்ல. பன்க்டாட்டாவோட நல்லாப் பொருந்துது, ஆனா பதிவில "பன்க்டாட்டா போல" எண்டு போடுங்கோ. டவுன்ஸ், சியு எண்ட ஆய்வாளர்கள் 1970ல எழுதின கீயில, அதான் இனம் பிரிக்கிற அட்டவணையில, புரோபோடியத்தில மேடா ஓடுற வரம்புகள் எப்பிடிப் பிரியுது, பின்டிபியாவின்ர நுனிக்குக் கிட்ட எத்தினை தடிச்ச முள் எண்டெல்லாம் பாக்கோணும். போன் படத்தில அதுகள் விளங்காது, மைக்ரோஸ்கோப் வேணும். டிஎன்ஏ பார்கோட், அதான் இனத்தைக் காட்டுற டிஎன்ஏத் துண்டு, எடுத்தாலும், ஒப்பிடுறதுக்கு சரியா பேர் வச்ச குளவியின்ர பார்கோட் ஒண்டு தரவுத்தளத்தில இருந்தாத்தான் உதவும்.

மாளிகாவத்தை_நானா:
தபால்ல அனுப்பவே வேணாம். பெர்மிட் இல்லாம பூச்சி மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்புறது இங்க சட்டப்படி குத்தம், வனஜீவராசிகள் திணைக்களத்துலதான் அனுமதி எடுக்கோணும். படங்களை எடுத்து முடிஞ்சா சாடிப் பக்கமே விட்டுடுங்க, அடுத்த இலைச் சுருளுக்கு அது வரும். வெத்துக்கூட்டை மட்டும் காயவச்சு திகதி, இடம், செடி மூணையும் துண்டுக் கடதாசியில எழுதி உள்ள போட்டு வைங்க.