காக்கிள்: சுரிவா, நெளிவா?

அன்பு நண்பர்களே,

ஆவணப் பாதுகாப்புக் கலைச்சொல் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். காக்கிள் (cockle) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும்தான் தமிழ்ச் சொல் பாக்கி. மட்டிச் சிப்பி என்ற பொருளில் சிக்கலே இல்லை, மட்டி என்றே இருக்கட்டும். தாளில் வரும் குறைக்குத்தான் சொல் வேண்டும். ஈரம் பட்ட தாளில் இழைகள் ஒரே சீராக உப்புவதில்லை, நனைந்த இடம் விரியப் பார்க்கும், சுற்றியுள்ள காய்ந்த பகுதி விடாது, போக வழியில்லாமல் அந்த இடம் மேடும் பள்ளமுமாக எழும்பிவிடும். நீர்வண்ணம் தீட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இது மடிப்பும் இல்லை, கசங்கலும் இல்லை.

'தாள்சுருக்கம்' வேண்டவே வேண்டாம். அளவில் குறைந்துவிட்டது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'திரை' நல்ல சொல், நரை திரை மூப்பு என்று தோலுக்கும் வரும், அலைக்கும் வரும். ஆனால் இன்று திரை என்றால் சினிமாவும் கணினியும் முந்திக்கொள்கின்றன.

இதற்குச் 'சுரிவு' என்று வைக்கலாம் என நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். சுரிதல் என்றால் சுருள்வது, சுருங்குவது. சுரிகுழல் உண்டு, நிகண்டில் சங்குக்குச் சுரிமுகம் என்றே பெயர். ஆங்கிலச் சொல்லும் சிப்பி ஓடு என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்து சுருக்கத்துக்கும் ஆகியிருப்பதால், தமிழிலும் ஒரே வேரில் நிறுத்தலாம் என்கிறார். கேட்க இனிக்கிறது. ஆனால் சங்கு முறுக்கிக்கொண்டு போகும் ஒற்றை ஓடு. காக்கிள் இரட்டை ஓடு, மேலே விசிறி மாதிரி வரிகள், முறுக்கு அறவே கிடையாது. பட்டியலைக் கையில் வைத்து வேலை செய்யப்போகிறவர் நிகண்டைப் புரட்ட மாட்டார், அதுவும் முக்கியம்.

அப்புறம், வயலில் வரும் காக்கிள் வேறு வேர், பழைய ஆங்கிலக் களைப் பெயர். 1611 ஆங்கில விவிலியத்தில் யோபு 31:40இல் வருவது அதுதான், தமிழில் 'களை' என்றே இருக்கிறது. இதயத்தின் காக்கிள் வெதுவெதுப்பாவதாக ஆங்கிலத்தில் சொல்வார்கள், நமக்கு உள்ளம் குளிரும். இரண்டுக்கும் இந்தப் பட்டியலில் வேலை இல்லை, தனி உரையாடல் இழையில் பேசலாம்.

என் பரிந்துரை 'ஈரநெளிவு' என்றிருந்தது. அதிகம் காய்ந்தாலும் தாள் இப்படி ஆகுமே என்று ஓர் அம்மா கேட்டது மிகச் சரி, 'ஈர'த்தை எடுத்துவிட்டேன். 'தாள்நெளிவு' என்றதும் பெரும்பாலோர் சரி என்றுவிட்டார்கள். தகரம் நெளிவதும் தாள் நெளிவதும் ஒன்றா என்று ஐயா இன்னும் விடவில்லை. அவர் மறுப்பையும் சுரிவையும் குறிப்பில் சேர்த்தே அனுப்புகிறேன். வியாழன் இரவு வரை வேறு சொல் வந்தாலும் பார்க்கிறேன்.