சர்ஃபேசி ஏலம்: வீட்டை மீட்க எந்த நாள் வரை பணம் கட்டலாம்?

கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்தியவர்கள், வங்கியில் வராக்கடன் பிரிவில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

என் சித்தப்பா, நண்பருடைய தொழில் கடனுக்கு ஜாமீன் நின்று வீட்டை அடமானம் வைத்தவர். நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை வங்கி விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி, பாக்கியைக் கட்டச் சொல்லும் 13(2) நோட்டீஸ், 60 நாள் கெடு, வீட்டை வங்கி எடுத்துக்கொள்ளும் சுவாதீன நோட்டீஸ் எல்லாம் முடிந்து, இப்போது 30 நாள் விற்பனை நோட்டீஸ் வந்திருக்கிறது. பத்திரிகையில் ஏல விளம்பரம் இன்னும் வரவில்லை. முழு பாக்கியையும் கட்ட உறவினர்கள் சேர்ந்து பணம் திரட்டுகிறோம்.

முன்பு விற்பனைக்குக் குறித்த நாளுக்கு முன் பாக்கியைக் கட்டினால் போதும். 2016 திருத்தத்துக்குப் பிறகு 13(8) பிரிவு, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே கட்ட வேண்டும் என்கிறது. 2023-இல் செலிர் எதிர் பஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. கடன் கொடுத்தவருக்கும் ஏலம் எடுப்பவருக்கும் நிச்சயம் வேண்டும், அது நியாயம்தான். ஆனால் ஜாமீன்தாரருக்குக் கிடைக்கும் அவகாசம் ரொம்பச் சுருங்கிவிட்டது.

எங்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான். கையில் வந்த நோட்டீஸே 'வெளியீடு' ஆகிவிடுமா, பத்திரிகை விளம்பர நாள்தான் கணக்கா? சட்டத்தில் கடனாளி என்ற சொல்லுக்குள் ஜாமீன்தாரரும் வருகிறார், எனவே அவர் கட்டினாலும் ஏலம் நிற்கும் என்றே நினைக்கிறேன். நடைமுறையில் வங்கி மறுத்தால் என்ன செய்வது? அப்புறம், வட்டி, செலவு சேர்த்த முழுத் தொகையை எழுத்தில் கேட்டும் கிளை தராமல் இழுக்கிறது. நாங்கள் கணக்கிட்ட தொகையை வரைவோலையாக, கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பினால் செல்லுமா? வங்கி நடவடிக்கையை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் 17-ஆம் பிரிவில் மனு போட 45 நாள் இருந்தாலும் விளம்பரம் எந்த நாளும் வரலாம். அதனால் கொஞ்சம் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.