ரேஷன் அரிசி: எல்லாருக்குமா, ஏழைக்கு மட்டுமா, பணமாகவா?

வெண்ணி
இடது, மையம், வலது என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் விவாதம் எங்கும் போய்ச் சேராது. ஒரே ஒரு திட்டத்தை வைத்துப் பேசலாம்: பொது விநியோகம். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தில் 75%, நகரத்தில் 50% மக்கள் வரை ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் தருகிறது; மிக ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு 35 கிலோ. 2023 ஜனவரியிலிருந்து இது இலவசம். 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்து அட்டைகளைப் பிரிக்கச் சொன்னபோது தமிழ்நாடு பிரிக்கவில்லை, எல்லாருக்குமான விநியோகத்தையே தொடர்ந்தது. யாருக்கு, எந்த வடிவில் கொடுப்பது சரி? காரணத்தோடு எழுதுங்கள்.

செங்காந்தள்
எல்லாருக்கும், அரிசியாகவே. உணவு உரிமை என்றால் அதற்குத் தகுதித் தேர்வு வைக்கக் கூடாது. இடதுசாரிப் பார்வையின் அடிப்படை இதுதான். ஏழையைப் பிரித்தெடுக்கும் வேலை நடைமுறையில் எப்படித் தோற்றது என்பதையும் பாருங்கள்.

2002 வறுமைக்கோட்டுக் கணக்கெடுப்பில் 13 கேள்விகள். நிலம் எவ்வளவு, வீடு எப்படி, ஆளுக்கு எத்தனை உடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. குறைவாக வாங்கியவர் ஏழை. கணவர் விட்டுப்போன கல்வீட்டில் கூலியில்லாமல் இருக்கும் பெண்ணுக்கு வீட்டுக் கேள்வியில் மதிப்பெண் ஏறிவிடும்; அடுத்த வேளைச் சோறு எங்கிருந்து வருகிறது என்பது அதில் தெரியாது. கோட்டை எந்த மதிப்பெண்ணில் போடுவது என்பதையும் மாநிலங்கள் தாங்களாகத் தீர்மானிக்க முடியவில்லை. திட்டக் குழு கொடுத்த உச்ச எண்ணிக்கைக்குள் அடங்கும்படி போட வேண்டியிருந்தது.

அடுத்த அடி 2000இல் விழுந்தது. கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கான விலையை அரசுக்கு ஆகும் முழுச் செலவுக்கு ஏற்றினார்கள். வெளிச்சந்தை விலைக்கும் கடை விலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றதும் அவர்கள் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். கடைக்காரருக்குக் கழிவு (கமிஷன்) விற்கும் எடைக்குத்தான். வியாபாரம் சுருங்கினால் வாடகைக்கே கட்டாது. மூடுவார், அல்லது மூட்டையை வெளியே தள்ளுவார். ஏறத்தாழ எல்லாருக்கும் நன்றாக நடந்துவந்த கேரளத்தின் விநியோகம் இப்படித்தான் சரிந்தது. வசதியுள்ளவன் வரிசையை விட்டுப் போனதும் கடையைத் தட்டிக் கேட்கும் குரலும் போய்விடும். ஏழைக்கென்று தனியாக நடத்தும் சேவை தரம் கெடுவதற்கு இதுவே முதல் காரணம்.

சந்தைப்பேட்டை
கசிவைப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லலையே தோழர்? 2015இல் மத்திய அரசு போட்ட சாந்தகுமார் குழு கொடுத்த கணக்குப்படி 2011-12இல் 46.7% தானியம் போக வேண்டிய வீட்டுக்குப் போகலை. அதனாலதான் கிராமம், நகரம் சேர்த்து 67% மக்களுக்குத் தர்றதை 40%ஆகக் குறைச்சு, படிப்படியா பணமா மாத்தச் சொன்னாங்க.

அரிசியாக் கொடுக்க என்ன செலவாகுதுன்னு பாருங்க. 2024-25இல் சாதாரண ரக நெல்லுக்கு ஆதரவு விலை குவிண்டால் 2,300 ரூபாய். 100 கிலோ நெல்லை அரைச்சா பச்சரிசி 67 கிலோ. அரவைக் கூலி, சாக்கு, லாரி, கிடங்கு, வட்டி எதுவும் சேர்க்காமலே ஒரு கிலோ அரிசி 34 ரூபாயைத் தாண்டிடுது. இந்தக் கொள்முதலை நம்பித்தான் பஞ்சாப்ல நெல்லு விடாம நடறாங்க. நிலத்தடி நீர் இறங்கிப்போய், சீக்கிரம் நடவு செய்யறதைத் தடுக்க 2009இல் அங்க சட்டமே போட வேண்டியதாச்சு. வாங்குறது, சேர்த்து வைக்கிறது, விக்கிறது மூணையும் அரசே செஞ்சா விவசாயி எதை விதைக்கலாம்னு சந்தை சொல்றது அவன் காதுல விழாது.

வலது சிந்தனையில முக்கியமானது யார் முடிவெடுக்கிறதுங்கறதுதான். கேழ்வரகு வேணுமா, முட்டை வேணுமா, பிள்ளைக்குப் பால் வேணுமாங்கறதைக் குடும்பம் முடிவு பண்ணட்டும். அரசு வாங்கும் சக்தியைக் கொடுத்தாப் போதும்.

நடுவூரான்
அந்த 46.7% நாட்டுச் சராசரி. அதே தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் ஜான் திரேஸும் ரீத்திகா கேராவும் போட்ட கணக்கில் 41.7% வந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது மாநிலத்துக்கு மாநிலம் உள்ள வித்தியாசம். சத்தீஸ்கரில் 2004-05இல் பாதிக்கு மேல் போன கசிவு, 2009-10இல் சுமார் 10%க்கு இறங்கியது. தனியார் கடை உரிமங்களை ரத்து செய்து ஊராட்சி, சுயஉதவிக் குழு, கூட்டுறவுகளிடம் கொடுத்தார்கள். கிடங்கிலிருந்து கடை வாசல் வரை சரக்கை அரசே கொண்டுவந்தது. கழிவைக் கூட்டினார்கள். அட்டைகளையும் கூடுதல் குடும்பங்களுக்கு விரித்தார்கள். வழியில் மூட்டை கைமாறும் இடம் அடைபட்டது; கடை நடத்துபவருக்கு நேர்மையாகவே பிழைப்பு ஓடியது.

மையத்தில் நிற்பவன் இரு பக்கத்திலும் பாதிப் பாதி எடுப்பவன் என்று நினைக்கிறார்கள். இங்கே மூன்று தரப்பும் பிரிவது, எந்தத் தவறைப் பொறுத்துக்கொள்வது என்பதில். பணக்காரன் ஒருவன் 20 கிலோ வாங்கிப்போனாலும் சரி, ஏழை ஒருத்தி விடுபடக் கூடாது என்பது இடது. பொதுப்பணம் வீணாவதும் விலை குலைவதும்தான் பெரிய கேடு என்பது வலது. இரண்டு தவறையும் அளந்து, எது எங்கே மலிவாகக் குறையுமோ அங்கே கை வைக்கலாம் என்பது மையம். என் யோசனை: ஏழையைத் தேடாதீர்கள், வசதியானவரை விலக்குங்கள். வருமான வரி கட்டுபவர், நிரந்தர அரசு ஊழியர் என்று சரிபார்க்கக்கூடிய நாலைந்து அடையாளம் போதும்.

பணமாகக் கொடுப்பதையும் சோதித்தாயிற்று. ஜார்க்கண்டில் ராஞ்சி அருகே நக்ரி வட்டாரத்தில் 2017 அக்டோபரில் தொடங்கினார்கள். மானியம் வங்கிக் கணக்கில் விழும். அதை எடுத்துவந்து ரேஷன் கடையில் கிலோ சுமார் 32 ரூபாய்க்கு அரிசி வாங்க வேண்டும். நாலு பேர் குடும்பத்துக்கு 20 கிலோ என்றால் 640 ரூபாய். பணம் விழுந்ததா என்று பார்க்க ஒரு நடை, எடுக்க ஒரு நடை, கடைக்கு ஒரு நடை. கூலி போனது. எதிர்ப்பு வலுத்து 2018இல் கைவிட்டார்கள்.

வெண்ணி
சத்தீஸ்கரில் அதைச் செய்தது பாஜக ஆட்சி இல்லையா? வலதுசாரிக் கட்சி எப்படி?

நடுவூரான்
ஆமாம், ரமண் சிங் ஆட்சி. பண்பாட்டில் வலது, பொருளாதாரத்தில் வலது, இரண்டும் தனித்தனி. இலவச தானியத்தை 2024 ஜனவரியிலிருந்து ஐந்தாண்டுக்கு நீட்டித்ததும் பாஜக மத்திய அரசுதான். இந்தியக் கட்சிகளை ஒரே கோட்டில் நிறுத்த முடியாது.

சந்தைப்பேட்டை
நக்ரியைக் காட்டிப் பணத்தைத் தள்ளாதீங்க. பணம் கொடுத்துட்டு அதே கடையிலதான் வாங்கணும்னா குடும்பத்துக்கு என்ன தேர்வு இருக்கு? அது வலதுசாரித் திட்டமே இல்லை. வங்கியும் கடைத்தெருவும் பக்கத்துல இருக்கிற நகரத்துல மட்டும், அரிசியா பணமான்னு அட்டைதாரரையே கேளுங்க. மாசாமாசம் சந்தை விலையோட தொகையையும் ஏத்தணும். அதை எழுதி வைக்கலைன்னா ரெண்டு வருசத்துல அந்தத் தொகைக்குப் பாதி மூட்டைதான் வரும்னு நீங்க சொல்லப்போறது நியாயமாயிடும்.

செங்காந்தள்
அந்த ஏற்றத்தை எந்த நிதியமைச்சரும் பட்ஜெட் நெருக்கடியில் முதலில் வெட்டுவார். கிலோவை வெட்டினால் வாசலிலேயே தெரியும், ரூபாயின் மதிப்பு தேய்வது தெரியாது.

நடுவூராரின் விலக்குப் பட்டியலுக்கும் பதில்: தமிழ்நாட்டில் விலகல் தானாகவே நடக்கிறது. அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டை எடுக்கலாம். எதுவுமே வேண்டாதவருக்குப் பொருளில்லா அட்டை. ஏழை என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை, அதிகாரி கையில் பேனாவும் இல்லை. உங்கள் பட்டியலுக்கு இன்னொரு சிக்கல்: 75%, 50% என்ற ஒதுக்கீடு 2011 மக்கள்தொகையில் உறைந்து கிடக்கிறது. ஒதுக்கீடு நிரம்பிய மாநிலத்தில் புதுமணத் தம்பதி முன்னுரிமை அட்டை (இந்தச் சட்டப்படி தானியம் தரும் அட்டை) கேட்டால், யாராவது ஒருவர் பெயர் நீங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

நடுவூரான்
ஒப்புக்கொள்கிறேன், புதிய கணக்கெடுப்பின்படி ஒதுக்கீட்டை மாற்றாமல் எந்தப் பட்டியலும் நிற்காது. அதுவரை மாநிலம் தன் பணத்தில் கூடுதல் அட்டை கொடுக்கலாம். தமிழ்நாடு முன்னுரிமையற்ற அட்டைகளுக்கு அப்படித்தான் இலவச அரிசி தருகிறது. ஆனால் ஜார்க்கண்டின் கஜானா அதைத் தாங்குமா? மத்திய அரசு பங்கு கொடுக்காமல் எல்லாருக்கும் என்று அங்கே எப்படி நடத்துவீர்கள் என்பதற்கு உங்களிடம் கணக்கு இருந்தால் போடுங்கள்.