நெல் வயலில் கூகைப் பெட்டி: எலி அடங்குமா?

நஞ்சை_மேடு: எலி தின்னுற கூகை ஆந்தை வந்து தங்க வயல்ல கம்பம் நட்டுப் பெட்டி மாட்டினா எலி ஒழிஞ்சிடும்னு சொல்றதை நான் ஏத்துக்கல. எலி வெட்டு அதிகமா விழுறது தொண்டைக்கதிர் பருவத்துல, அதாவது கதிர் வெளியே வராம தண்டுக்குள்ளேயே இருக்கும்போது. அப்போ பயிர் மூடி நிக்கும், குட்டியெல்லாம் வரப்பு வளைக்குள்ள இருக்கும். கூகை வளைக்குள்ள நுழையுமா? வரப்பை 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்குள்ள வெட்டி ஒடுக்குங்க, தஞ்சாவூர் கிட்டிங்கிற எலிப்பொறி போடுங்க.

கூகை_காவல்: வரப்பை ஒடுக்குறது சரிதாங்க, கிட்டியும் சரி. ஆனா கூகையோட வேலை அதுக்கு முன்னாடியே. நடவுலேருந்து தூர் கட்டுற வரைக்கும் வயல் திறந்து கிடக்கும், அறுத்த பிறகு தரிசும் அப்படித்தான். அந்த நாள்ல தாய் எலி குறைஞ்சாத்தான் பின்னாடி வெட்டு குறையும். கூகைக்கு ஒரு காது மேலே, ஒரு காது கீழே. கும்மிருட்டுலயும் சத்தத்தை வெச்சே எலி மேல இறங்கும்.

நஞ்சை_மேடு: அப்போ மாட்டின பெட்டி ஏன் காலியாவே தொங்குது?

கூகை_காவல்: பெரும்பாலும் பெட்டி செய்யுற விதம்தான் காரணம். தகரப் பெட்டி வெயில்ல கொதிக்கும், 12 மி.மீ. ஒட்டுப்பலகை போதும். நீளம் 60, அகலம் 45, உயரம் 65 செ.மீ. வாசல் 15 செ.மீ. வாசலோட கீழ்விளிம்பு பெட்டித் தரைலேருந்து 45 செ.மீ. மேல இருக்கணும். இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. வாசல் தாழ்ந்தா, பறக்கத் தெரியாத குஞ்சு இரைக்கு முண்டியடிச்சு வெளியே விழுந்துடும். தரையில தண்ணி வடிய நாலு துளை. டெல்டாவுல ஐப்பசி மழை வடகிழக்கிலேருந்து அடிக்கும், வாசலை அந்தப் பக்கம் வைக்காதீங்க. கம்பம் 4 மீட்டருக்குக் குறையாம. பூனை ஏறாம இடுப்பளவுல தகரம் சுத்துங்க. உள்ளே வைக்கோல் வேண்டாம், கூகை கூடு கட்டாது.

வரப்போரம்: பெட்டியும் வெச்சு, புரோமடியோலோன் எலி விஷக் கட்டியும் போடலாமா?

கூகை_காவல்: கூடவே கூடாது. தின்ன எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும், கூகைக்கு அதுதான் சுலபமான இரை. விஷம் கூகையோட ஈரல்ல சேரும். பெட்டி வெச்ச கையாலேயே கொல்ற மாதிரி ஆயிடும்.

நஞ்சை_மேடு: விஷத்துல உங்க கட்சிதான். ஆனா ஒண்ணு சொல்லணும்: கூகை உட்கார வயல்ல தென்னை மட்டையைத் தலைகீழா ஊன்றினவங்க பால் பிடிக்கும்போது பிடுங்கிடணும், இல்லன்னா மணி தின்னும் குருவி வந்து உட்காரும். சரி, பெட்டிக் கூகை வயல் எலியைத்தான் தின்னுதுன்னு எப்படித் தெரியும்?

கூகை_காவல்: கம்பத்தடியில அது கக்கின உருண்டை கிடக்கும், கட்டைவிரல் பருமன், கறுப்பா. தண்ணியில ஊறவெச்சுப் பிரிங்க, மயிருக்குள்ள மண்டையோடு முழுசா வரும். முன்பல் மஞ்சளா, அதுக்குப் பின்னாடி பல்லே இல்லாம இடைவெளி இருந்தா எலி. பல் வெள்ளையா நெருக்கமா இருந்தா மூஞ்சூறு. மண்டையை எண்ணிக் குறிச்சு வைங்க.