தனிப் பாய்மரப் பயணத்தில் மாண்டலின்: எதை எடுத்துச் செல்வது, எப்போது வாசிப்பது?

பாம்பன்கரை:

அனைவருக்கும் வணக்கம். வணிகக் கப்பல்களில் பணியாற்றி ஓய்வு பெற்றபின் பாம்பனில் வசிக்கிறேன். வரும் தை மாதத்தில், ஒன்பது மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகில் கொச்சியிலிருந்து சீஷெல்ஸ் தீவுகளுக்குத் தனியாகச் செல்ல இருக்கிறேன். தொலைவு ஏறத்தாழ 1,500 கடல்மைல். வடகிழக்குக் காற்று கைகொடுக்கும் வரையில் படகு நன்றாக ஓடும் என்றாலும், நிலநடுக்கோட்டை ஒட்டிக் காற்று ஓய்ந்து கிடக்கும் நாள்களையும் சேர்த்தால் மூன்று வாரம் ஆகிவிடும்.

இளமையிலிருந்தே மாண்டலின் வாசித்து வருகிறேன். அதை வீட்டில் விட்டுப் போக மனம் வரவில்லை. என்னிடம் இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று, என் ஆசிரியர் கொடுத்த, நான்கு இணைகளாக எட்டுத் தந்திகள் கொண்ட மரக் கருவி. பல ஆண்டுகளாகப் பாம்பன் வீட்டிலேயே இருக்கிறது. மற்றொன்று, கர்நாடக இசைக் கலைஞர் யு. ஸ்ரீநிவாஸ் கையாண்ட முறையில் ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின் மாண்டலின். எதை எடுத்துச் செல்வது, உப்பிலிருந்து அதை எப்படிக் காப்பது, கடலில் ஒருவனாக இருக்கும்போது எந்த வேளையில் வாசிக்கலாம் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கீழக்கரைத் தந்தி:

சகோதரருக்கு வணக்கம். தந்திக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். கடலோர வீடுகளிலிருந்து என்னிடம் வரும் கருவிகளில் ஈரத்தால் வந்த கேட்டைவிட உப்பால் வந்த கேட்டையே மிகுதியாகக் காண்கிறேன். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். ஆகையால், மரத்திலும் தந்தியிலும் கண்ணுக்குத் தெரியாமல் படிந்த உப்பு, நடுக்கடலில் பெரும்பாலான நேரம் ஈரமாகவே இருந்து இரும்பை அரிக்கும். உலர்ந்த துணியால் துடைப்பது அந்த உப்பை இடம் மாற்றுமே தவிர நீக்காது. நன்னீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் முதலில் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி நீர் போதும் என்பதால், குடிநீரை அளந்து செலவிடும் படகிலும் இதற்கு ஒதுக்கலாம். வாசிப்பதற்கு முன் கையையும் நன்னீரால் துடைத்துக்கொள்ளுங்கள். தந்திக்கு உப்பைக் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் விரல்கள்தான்.

மரக் கருவி பல ஆண்டுகள் பாம்பனில் இருந்தது அதற்கு நன்மையே. குளிரூட்டிய அறையிலிருந்து நேரே படகுக்குப் போகும் மாண்டலினில் முகப்புப் பலகை ஈரத்தில் உப்பி, தந்திகளைத் தாங்கும் குதிரை உயர்ந்து, தந்திகள் விரல் பதிக்கும் மெட்டுகளை விட்டு எழும்பிவிடும். உங்கள் கருவி அந்த ஈரத்துக்கு முன்பே பழகியது. ஈரத்தைவிட அதற்கு வெயிலே பகை. மூடிய பெட்டியைப் படகின் மேல்தளத்தில் வெயிலில் வைத்தால் உள்ளே வெப்பம் ஏறிப் பசை இளகும். எட்டுத் தந்திகளும் சேர்ந்து 70 முதல் 80 கிலோ எடைக்கு இணையான விசையுடன் இழுத்துக்கொண்டிருக்கையில், பசை இளகிய மூட்டு தாங்காது.

கருவியின் உறுதியை மட்டும் பார்த்தால், உள்ளீடற்ற பேழை இல்லாத மின் மாண்டலினையே நான் தேர்ந்தெடுப்பேன். அதன் மின் இணைப்புகளை மட்டும் உப்பு படாமல் காத்தால் போதும்.

மண்டபம் மாலுமி:

பாம்பன் அண்ணனுக்கு வணக்கம். நானும் பாய்மரப் படகு ஓட்டுபவன் என்பதால், கருவியின் உறுதிக்கு முன் உங்கள் காதைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். தனியாகச் செல்பவருக்குப் படகில் நடக்கும் மாற்றங்களை முதலில் அறிவிப்பது ஒலிதான். கயிறு உராயத் தொடங்குவதும், பாயின் ஓரம் படபடப்பதும், அடித்தளத்தில் நீர் அலம்புவதும் கண்ணில் படுமுன் காதில் விழும். காதில் ஒலிப்பானை (ஹெட்ஃபோன்) மாட்டிக்கொண்டு மின் மாண்டலின் வாசிப்பவர் இவை எல்லாவற்றையும் இழக்கிறார். மர மாண்டலினின் ஒலி அளவானது. அதற்கு இடையிலும் படகின் ஓசை கேட்கும். எனவே மரக் கருவியையே எடுத்துச் செல்லுங்கள்.

நேரத்தையும் கட்டுப்படுத்துங்கள். மணிக்கு 20 கடல்மைல் வேகத்தில் வரும் சரக்குக் கப்பல், அடிவானத்தில் தென்பட்ட 15, 20 நிமிடங்களுக்குள் உங்கள் அருகில் வந்துவிட முடியும். தனி மாலுமிகள் 20 நிமிடத் துண்டுகளாகத் தூங்குவதற்கும் அதுவே காரணம். வாசிப்புக்கு அதைவிடக் குறைவாக, 10 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து சுற்றிலும் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொச்சியை விட்டதும் மினிக்காய்க்கு வடக்கே உள்ள ஒன்பது பாகைக் கால்வாயை நோக்கி வரும் கப்பல்கள் மிகுதி. அந்தப் போக்குவரத்தைக் கடக்கும் வரையில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

இராமநாதபுரம் இசை மாணவி:

கப்பல் பற்றி எனக்குத் தெரியாது. வாசிப்பைப் பற்றி ஒன்று சொல்கிறேன், ஐயா. அலையின் ஆட்டம் ஒரே சீராக இராது என்பதால் தாளத்துக்குக் கட்டுப்பட்ட கீர்த்தனைகள் முதல் சில நாள்கள் எரிச்சலூட்டக்கூடும். தாளமில்லாத ஆலாபனையில் அந்தத் தொல்லை இல்லை. கப்பல் தென்பட்டால் எந்த இடத்திலும் நிறுத்தி எழுந்துவிடலாம்.

பாம்பன்கரை:

மூவருக்கும் நன்றி. ஆலாபனை என்றதும் ஒரு கவலை எழுகிறது. இரட்டைத் தந்திகளை ஒருசேர இழுத்துக் கமகம் (சுரத்தின் அசைவு) கொண்டுவருவது கரையிலேயே கடினம்; கயிறு பிடித்து, உப்பு நீரில் ஊறி மென்மையான விரல்களுக்கு அது இன்னும் வலிக்கும். கீழக்கரைக் காக்கா (அண்ணா), மரக் கருவியில் இதற்கு வழி உண்டா?

கீழக்கரைத் தந்தி:

உண்டு. மாலுமித் தம்பி காதைப் பற்றிச் சொன்னது சரியே. மரக் கருவியையே எடுங்கள். ஒவ்வோர் இணையிலும் ஒரு தந்தியைக் கழற்றிவிட்டு நான்கு ஒற்றைத் தந்திகளுடன் வாசியுங்கள். ஒலி சற்றுக் குறையும். ஆனால் கமகத்துக்கு விரல் இணங்கும், கருவியின்மீதான இழுவிசை ஏறத்தாழப் பாதியாகும், கழற்றிய தந்திகளே மாற்றுத் தந்திகளாகவும் ஆகும். அவற்றை எண்ணெய் தொட்ட தாளில் சுற்றி, மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். உங்கள் மாண்டலினின் குதிரை ஒட்டப்படாமல் தந்தியின் அழுத்தத்தால் மட்டும் நிற்கும் வகையாக இருந்தால், அதன் இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டுத் தந்திகளை ஒவ்வொன்றாக மட்டுமே கழற்றுங்கள்.

மண்டபம் மாலுமி:

அண்ணன், தை வரையில் காத்திருக்காமல் இப்போதே ஒரு சோதனை செய்யலாம். கச்சான் (தென்மேற்குக் காற்று) இன்னும் ஓயாததால் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிப்பாகவும் வடகடல் (பாக் விரிகுடா) அமைதியாகவும் இருக்கிறது. தெரிந்தவர்களின் வல்லத்தில் (நாட்டுப் படகில்) முதலில் வடகடலில் ஒரு மாலை வாசித்துப் பாருங்கள். பிறகு தென்கடலில், முதுகைப் பலகையில் சாய்த்து, காலை எதிர்ப்பக்கம் முட்டுக்கொடுத்து உட்கார்ந்து வாசியுங்கள். இரு கையும் கருவியில் இருக்கும்போது உடல் நழுவாமல் நிற்கும் இடம் எது என்று அங்கே தெரிந்துவிடும். உங்கள் படகின் அறையிலும் அப்படி ஓர் இடத்தை முன்கூட்டியே அமைத்துக்கொள்ளலாம்.